ஸ்தா என்னும் வேரும் எங்கள் வீட்டுக் காலண்டரும்

என் மனைவி விழுந்த அன்று என் நோட்டில் எண்பத்து நான்கு சொற்கள் இருந்தன. எல்லாம் ஒரே வேரில் பிறந்தவை என்று நான் நம்பியவை. வேர் ‘ஸ்தா’. சமஸ்கிருத வினைவேர். பொருள், நிற்றல். அவளோ ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து இட்லிப் பானையை எடுக்கப் போய், நிற்க முடியாமல் விழுந்தாள். இடது இடுப்பு எலும்பு உடைந்தது. ஸ்டூல் என்ற ஆங்கிலச் சொல்லும் தூரத்து உறவில் அதே வேர்க் குடும்பம்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

இது தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டில். நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். வயலில் அளவுச் சங்கிலியின் கண்ணிகளையும், ஆபீசில் வரைபடக் கோடுகளையும் எண்ணிப் பழகியவனுக்கு ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எங்கள் மாடிப்படி பதினேழு. வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு அறுநூற்று நாற்பது தப்படி, மழைநாளில் பள்ளங்களைச் சுற்றிப் போனால் அறுநூற்று எழுபது. குழாய் ஒழுகினால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று தெரியாமல் என்னால் தூங்க முடியாது.

பொழுது போக ஏதாவது படிக்கலாம் என்று தேடியபோது மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் சனிக்கிழமைதோறும் சமஸ்கிருத வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். விக்கிரகம் எத்தனை தாளம், அதாவது எத்தனை முக நீளம், இருக்க வேண்டும், எந்தக் கையில் எது என்றெல்லாம் சொல்லும் சுலோகங்களைச் சிற்பிகள் பொருள் தெரிந்து படிக்க வேண்டும் என்பதற்காக வைத்த வகுப்பு அது. நடத்தியவர் ஒரு கல்லூரி ஆசிரியை, நாற்பது வயது இருக்கும். சிற்பிகள் பதினோரு பேர், நான் பன்னிரண்டாவது. கல் தூள் படிந்த கோணிகளின்மேல் உட்கார்ந்து படித்தோம். திருக்கழுக்குன்றம் வழியாக அங்கே போக ஒரு மணி நேரம். பஸ்ஸில் இடம் கிடைத்த நாட்கள் மிகக் குறைவு.

ஒரு வாரம் ஆசிரியை, ஆளுக்கு ஒரு வேரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். “தமிழ்ல அதோட பிள்ளைங்க எத்தனை பேர் வந்து குடியிருக்காங்கன்னு பாத்து எழுதிட்டு வாங்க” என்றார்.

பட்டறையின் தலைமைச் சிற்பியை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் உடனே, “சாருக்கு நிக்கிற வேர குடும்மா. பஸ்சுல அவருதான் எப்பவும் நின்னுகினு வராரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்படித்தான் ஸ்தா எனக்கு வந்தது.

அந்த வேரைப் பற்றி ஆசிரியை அன்று சொன்னவற்றில் இரண்டு விஷயங்கள் என்னை விடவில்லை. முதலாவது, பழைய இலக்கணக்காரர்கள் அதற்குக் கொடுத்த விளக்கம். நிற்றல் என்றால் என்ன? நடையின் ஓய்வு. போய்க்கொண்டிருப்பது போகாமல் ஆவது. அளவை வேலை பார்த்தவனுக்கு இந்த விளக்கம் பிடித்தது. சங்கிலியை இழுத்துக்கொண்டு போகிறவன் எங்கே நிறுத்துகிறானோ அங்கேதானே கல் நடுகிறோம்.

இரண்டாவது, முன்னால் ஒரு ஒட்டு சேர்ந்தால் அந்த வேர் போகிற போக்கு. ‘உத்’ சேர்ந்தால் எழுந்திருத்தல். ‘உப’ சேர்ந்தால் அருகில் நிற்றல், அதனால் பணிவிடை செய்தல். ‘ப்ரதி’ சேர்ந்தால் நிலைபெறுதல், அதுதான் பிரதிஷ்டை. ‘அவ’ சேர்ந்தால் ஒரு நிலையில் இருத்தல். அந்த அவஸ்தா தமிழுக்கு வந்து அவஸ்தை ஆகும்போது எப்படியோ துன்பம் ஆகிவிட்டது. எல்லாவற்றிலும் விசித்திரம் ‘ப்ர’. அது சேர்ந்தால் புறப்படுதல். நிற்கிற வேர், ஒரு ஒட்டு முன்னால் வந்ததும் கிளம்பிவிடுகிறது.

“அதெப்படிம்மா, நிக்கிறவன் போறவனாவான்?” என்று நான் கேட்டேன்.

“போறவன் மொதல்ல எழுந்து நிக்கணுமே சார்” என்றார் ஆசிரியை. வேறு விளக்கங்களும் இருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

சிற்பிகளுக்கு இதெல்லாம் வியப்பாக இல்லை. நிற்கிற விக்கிரகம் ஸ்தானகம், உட்கார்ந்தது ஆசனம், படுத்தது சயனம் என்று அவர்கள் தினமும் புழங்கும் சொற்கள். அந்த ஊர்க் கோயிலில் பெருமாள் பாம்பணை இல்லாமல் வெறுந்தரையில் படுத்திருக்கிறார், அவர் பெயரிலும் ஸ்தலம் என்ற சொல் உண்டு என்று மேஸ்திரி எடுத்துக் கொடுத்தார். எழுதிக்கொண்டேன்.

பிறகு வாரங்கள் போனதே தெரியவில்லை. ஸ்தானம், ஸ்தாபனம், ஸ்திரம், நிஷ்டை, அனுஷ்டானம், சமஸ்தானம், கிரகஸ்தன், மத்தியஸ்தம். பத்திரிகையில் கட்சிக் கோஷ்டிப் பூசல் என்று படித்தால், அந்தக் கோஷ்டியும் ஆதியில் மாடுகள் சேர்ந்து நிற்கிற கொட்டில்தான் என்று தெரிந்து மகிழ்ந்தேன். கோர்ட்டு ஸ்டேயும் பஸ் ஸ்டாண்டும் கடல் தாண்டிய சித்தப்பா பிள்ளைகள். எங்கள் தமிழ் ‘நில்’ இந்தக் குடும்பம் இல்லை. ஆனாலும் அது தனியாகவே நிலம், நிலை, நிலையம், நிறுவனம் என்று ஏறக்குறைய அதே வீட்டைக் கட்டி வைத்திருக்கிறது. இரண்டு மேஸ்திரிகள், ஒரே வரைபடம். நூற்றெட்டு சொல் சேர்த்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. எண்பத்து நான்கில் இருந்தபோது இட்லிப் பானை விழுந்த சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் இரும்புத் தகடு வைத்துத் திருகினார்கள். ஆறு வாரம் படுக்கை. அதற்குப் பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழக வேண்டும். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, “ஆபரேஷன்லேருந்து மூணு மாசத்துக்குள்ள நின்னு நாலு அடி வெச்சுடணும். தள்ளிப் போச்சுன்னா தசை சுருங்கிடும், அப்புறம் படுக்கைதான்” என்றார். மூன்று மாதம் என்றால் தொண்ணூறு நாள் என்று வைத்துக்கொண்டேன். எங்கள் கூடத்தில், சமையலறைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தினசரிக் காலண்டர் தொங்கும். காலையில் தேதி கிழிப்பது முப்பது வருஷமாக அவள் வேலை. கிழித்த தாளை நான்காக மடித்து உப்பு ஜாடிக்கு அடியில் சொருகுவாள், ஏதாவது துடைக்க உதவும் என்று. இப்போது நான் கிழித்தேன். கிழித்ததும் எத்தனையாவது நாள் என்று சத்தமாகச் சொல்வேன். அவளுக்கு ஊக்கமாக இருக்கும் என்று நினைத்தேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். நல்ல கலகலப்பு. “சீக்கிரம் சொஸ்தமாயிடுவம்மா, நானு ஜெபம் பண்ணிக்கறேன்” என்றாள் முதல் நாளே. ஸ்வஸ்தம், தன்னில் தான் நிற்பது. ஆரோக்கியத்துக்கு இதைவிட நல்ல சொல் உண்டா? உள்ளே போய் எண்பத்தைந்தாவதாக எழுதிவிட்டு வந்தேன்.

“பாத்தியா, அங்க போய் எழுதிகினு வராரு. வெவஸ்தையே இல்ல” என்றாள் என் மனைவி. விவஸ்தையும் அதே வேர். அது ஏற்கனவே நோட்டில் இருந்தது.

அந்தப் பெண் வராத நாட்களில் மாலை நாலரைக்கு நான்தான் பயிற்சி. கூடத்தில் போட்டிருந்த அவள் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி விநாடிகளை எண்ணுவேன். ஐம்பதாம் நாள் பதினொரு விநாடி நின்றாள். முப்பது விநாடி நின்றால் அடி எடுத்து வைக்கலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். ஐம்பத்து நான்காம் நாள் ஒன்பது. ஐம்பத்தெட்டில் ஏழு. அறுபதில் ஏழு. ஏறுவதற்குப் பதிலாக இறங்கியது. நான் வரைபடத் தாளில் கோடு போட்டே பார்த்தேன். கோடு தொண்ணூறுக்கு முன்பே தரையைத் தொட்டது.

“இன்னும் கொஞ்சம் மனசு வெச்சு நில்லு” என்பேன்.

“மனசு வெச்சா நிக்கிறாங்க? கால் வெச்சுதான் நிக்கிறாங்க” என்று உட்கார்ந்துவிடுவாள்.

அறுபத்து மூன்றாம் நாள் சனிக்கிழமை. “வூட்டுலயே இருந்துகினு என் உயிர எடுக்காதீங்க, வகுப்புக்குப் போய்ட்டு வாங்க” என்று அவளே அனுப்பினாள். பக்கத்து வீட்டு அம்மா வந்து துணைக்கு உட்கார்ந்தார். ஒன்பது வாரத்துக்குப் பிறகு மாமல்லபுரம் போனேன். நோட்டில் இப்போது தொண்ணூற்றொன்று.

ஆசிரியை சிவப்புப் பென்சிலால் திருத்தினார். ஜேஷ்டன், கனிஷ்டன், சிரேஷ்டம் மூன்றும் போயின. அவற்றில் வருவது ‘மிக’ என்று சொல்லும் விகுதியாம். பிரஸ்தாபம் துதிக்கிற வேர், போயிற்று. விஸ்தாரம் பரப்புகிற வேர், அதுவும் போயிற்று. அந்தஸ்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. “கஸ்தூரி எப்படி சார் உள்ள வந்துது? எல்லாத்தையும் காதால கேட்டு எழுதியிருக்கீங்க.” அடுத்த பக்கத்தில் மேஸ்திரி என்ற சொல்லையும் அடித்தார். அது போர்ச்சுகீசியர்களோடு கப்பலில் வந்ததாம்.

“அப்ப நானு இந்தக் கணக்குல இல்லியா?” என்றார் மேஸ்திரி.

“ஸ்தபதின்னு போட்டுக்குங்க, உள்ள வந்துடலாம்” என்றார் ஆசிரியை.

“ஆத்தாடி, அந்தப் பேருக்கு ரேட்டு ஜாஸ்தியாச்சே!”

இருபத்தேழு சொற்கள் போய் அறுபத்து நான்கு மிஞ்சின. நான் முகம் சுளித்திருக்க வேண்டும். “நூத்தியெட்டு பெத்துக் குடுக்கறேன்னு வேர் உங்களுக்குச் சத்தியம் பண்ணுச்சா சார்?” என்றார்.

அன்று வகுப்பு சீக்கிரம் முடிந்தது. ஒரு பெருமாள் விக்கிரகத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. ஆறடி, நின்ற கோலம். நின்ற கோலமாக இருந்தாலும் அதைப் படுக்க வைத்துத்தான் செதுக்குகிறார்கள். பெரும்பாலும் முடிந்த பிறகு நிமிர்த்தி, நிற்கும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத் திருத்துவார்கள். மூன்று மரங்களை முக்காலியாகக் கட்டி நடுவே சங்கிலிக் கப்பி தொங்கியது. கப்பி தூக்கத் தூக்கக் கல் ஆடாமல் இருக்க இடமும் வலமும் கயிறு கட்டி நான்கு நான்கு பேர் பிடித்தார்கள். பீடத்துக்கு அடியில் மணல் மூட்டைகள். மேஸ்திரி கல்லின் தலைப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கல் பாதி எழுந்ததும் எல்லோரும் கயிற்றை இறுக்கிப் பிடித்து, அவர் குரலுக்காக மூச்சடக்கி நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை.

அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நான் சத்தமாக, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றேன்.

இடது கயிறு மூன்றில் இழுத்தது. வலது கயிறு மூன்று முடிந்து இழுத்தது. பாதி எழுந்திருந்த கல் ஒரு பக்கமாகத் திரும்பி மூட்டைமேல் இறங்கியது. பீடத்தின் மூலை பக்கத்துக் கல்லில் மோதி, கட்டைவிரல் அளவுக்கு ஒரு சில்லு பறந்தது. யாருக்கும் அடி இல்லை.

“எவன்டா எண்ணுனது?” என்று கத்தினார் மேஸ்திரி.  எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான்தான்” என்றேன்.

அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். “எண்றதெல்லாம் உன் ஆபீசுல வெச்சுக்க நைனா. கல்லாண்ட வாணாம்.” இருபது நிமிடம் கழித்து அவர் ஒரு சத்தம் கொடுத்தார். சொல்லே இல்லை, ‘ஹோய்’ என்று ஒரு குரல். எட்டுப் பேரும் ஒன்றாக இழுத்தார்கள், பெருமாள் எழுந்து நின்றுவிட்டார். பீடத்தை நான்கு பக்கமும் ஒரு விரல் குறைத்துச் செதுக்கிச் சரிசெய்ய மூன்று நாள் ஆகும் என்றார்கள். நான் ஓரமாக நின்று மன்னிப்புக் கேட்கச் சொல் தேடிக்கொண்டிருந்தேன்.

டீ வந்தபோது மேஸ்திரியே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபம் தணிந்திருந்தது. “மனசுல வெச்சுக்காத அண்ணாத்த. எண்ணி இழுக்கற பழக்கம் எங்களாண்ட கெடயாது. ஒருத்தன் மூணுக்கு இழுப்பான், ஒருத்தன் மூணு முடிஞ்சி இழுப்பான். அதில்லாம, நீ எண்ணசொல்ல பசங்க கயித்த பாக்கல. உன் வாய பாத்துகினு இருந்தாங்க.”

திரும்பி வருகிற பஸ்ஸில் இடம் கிடைத்தது. உட்கார்ந்துதான் வந்தேன். எத்தனை நிறுத்தம் வந்தது என்று எண்ணவில்லை.

மறுநாள் மாலை நாலரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். வாக்கரைப் பிடித்து எழுந்தவள் தன் காலையோ எதிர்ச் சுவரையோ பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

“இன்னா, இன்னைக்கு எண்ணலியா?”

“இல்ல.”

சற்று நேரம் நின்றாள். “பொய். உதடு அசையுது” என்று உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த நாள் உதட்டைக் கடித்துக்கொண்டேன். காலால் தாளம் போடுவதாகச் சொன்னாள். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். முதுகு எண்ணுகிறது என்றாள். நான்கைந்து நாள் இப்படியே போயிற்று. ஏழு விநாடியா ஆறா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் எழுபத்தொன்றாம் நாள் சொன்னாள்:

“நீங்க எங்கியாவது போய் நில்லுங்க. நாலரைலேருந்து ஒரு மணி நேரம் இந்த வூட்டுல இருக்காதீங்க.”

“விழுந்துட்டா?”

“விழுந்தா கூப்புடறேன். பக்கத்து வூட்டுல அந்தம்மா இருக்காங்க. ஜன்னல தெறந்து வெச்சுட்டுப் போங்க.”

உப என்றால் அருகில், உபஸ்தானம் என்றால் அருகில் நின்று பணிவிடை செய்வது என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். எவ்வளவு அருகில் என்று அந்த வேர் சொல்லவில்லை. நான் அறுநூற்று நாற்பது தப்படி தள்ளிப் போய்ப் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். காஞ்சிபுரம், உத்திரமேரூர், மதுராந்தகம் என்று கண்டக்டர்கள் கூவினார்கள். எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல் ஒரு மணி நேரம் நிற்கிறவனை ஒரு டைம் கீப்பர் நான்கு நாள் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள், “யார்னா வரணுமா பெரியவரே?” என்று கேட்டார்.

“ஆமா” என்றேன். 

வீட்டுக்கு வந்தால், நான் போகும்போது இருந்த மாதிரியே அவள் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். நின்றாளா என்று கேட்க நாக்குத் துடிக்கும். கேட்டால் எவ்வளவு நேரம் என்று கேட்பேன், எனக்கு என்னைத் தெரியும். பயிற்சிக்கு வருகிற பெண்ணைத் தெருவில் மடக்கிக் கேட்டேன். “அம்மா சொல்லக் கூடாதுன்னு சொல்லிகீறாங்க சார்” என்று சிரித்துவிட்டுப் போனாள். நல்ல சிரிப்பா, சமாளிக்கிற சிரிப்பா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எண்பத்து மூன்றாம் நாள் காலையில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. மிதவை உடைந்திருந்தது. பிளம்பரைத் தேடி அலைந்த அலைச்சலில் எல்லாம் தப்பிப் போயிற்று. மாலையில் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் தேதி கிழிக்காதது நினைவுக்கு வந்தது. இத்தனை நாளில் முதல் தடவை. ஒரு மணி நேரம் முடியாமல் திரும்பிப் போகவும் முடியாது. அன்று நின்றதுதான் எனக்கு அவஸ்தை.

வீட்டுக்குள் வந்ததும் நேராகக் காலண்டரிடம் போனேன். தேதி சரியாக இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா கிழித்திருக்கலாம். திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். வாக்கர் எப்போதும் போல் பக்கத்தில் இருந்தது. சமையலறைக்குள் போய் உப்பு ஜாடியைத் தூக்கினேன். அடியில் முந்தின நாள் தாள், நான்காக மடித்துச் சொருகியிருந்தது.

கட்டிலிலிருந்து காலண்டருக்கு நான்கு அடி. அங்கிருந்து ஜாடிக்கு மூன்று. திரும்ப ஏழு. இதை எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை, மன்னிக்க வேண்டும். ஆனால் அவளிடம் ஒன்றும் சொல்லாமல் ஜாடியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, காப்பி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன்.

“பிளம்பர் வந்தானா?” என்றாள்.

“நாளைக்கு வரானாம்” என்றேன்.

மறுநாள் காலை எழுந்ததும் கை பழக்கத்தில் காலண்டருக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். அன்று காலை முழுவதும் எங்கள் வீட்டில் நேற்றைய தேதியே நின்றது. ராகு காலம் தப்பு, நட்சத்திரம் தப்பு. கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போயிற்று. பத்தே முக்காலுக்கு ஆறாவது தடவையாகக் கடந்தேன்.

“நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போகல?” என்று கட்டிலிலிருந்து கேட்டாள்.

“அது சாயந்திரம் இல்ல?”

“இப்பவே போங்களேன்.”

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெயில் கடுமையாக இருந்தது. டைம் கீப்பர் என்னைப் பார்த்துவிட்டு, இன்று காலையிலேயே வந்துவிட்டாரே என்பது போல மணியைப் பார்த்தார். ஒரு மணி நேரம் முழுதாக நின்றேன். திரும்பி வந்தபோது தேதி சரியாக இருந்தது.